பணிக்கொடைப் பணத்தைத் திறைசேரி உண்டியலில் போடலாமா?

கேள்வி: நான் வவுனியாவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 61. மாத ஓய்வூதியம் ஏறத்தாழ 65,000 ரூபா. பணிக்கொடையும் சேமிப்புமாக 30 இலட்சம் ரூபாவை ஒரு தனியார் வங்கியில் ஓராண்டு நிலையான வைப்பில் இட்டிருந்தேன். அடுத்த மாதம் முதிர்கிறது. புதுப்பித்தால் வட்டி முன்னையதைவிடக் குறைவாம். “திறைசேரி உண்டியலில் போடுங்கள் அம்மா, அரசாங்கப் பொறுப்பு, பயமில்லை” என்று கிளையில் சொல்கிறார்கள். அதில் 12 இலட்சம் ஏழு மாதத்தில் வீட்டுக் கூரை வேலைக்கு வேண்டும். எப்படி வாங்குவது, எங்கே ஏமாறக்கூடும்? கனடாவில் உள்ள மகன் அனுப்ப நினைக்கும் பணத்தையும் இதில் போடலாமா?

பதில்: போடலாம், அம்மா. ஆனால் 30 இலட்சத்தையும் அல்ல. கூரைக்கான பணத்தை 364 நாள் உண்டியலில் போடவே வேண்டாம். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

திறைசேரி உண்டியல் என்பது அரசாங்கம் குறுங்காலத்துக்கு வாங்கும் கடன். 1923ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க உள்ளூர் திறைசேரி உண்டியல்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படுகிறது. 91, 182, 364 நாள் என மூன்று தவணைகள் உண்டு. இதில் மாத வட்டி கிடையாது. முகப்பெறுமதியைவிடக் குறைந்த விலைக்கு வாங்குவீர்கள். முதிர்வில் முழு முகப்பெறுமதி வரும். இடையிலுள்ள வித்தியாசம்தான் வருமானம். ஆண்டு விளைவு வீதம் (போட்ட தொகைக்கு ஓராண்டுக் கணக்கில் கிடைக்கும் ஆதாயம்) 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 10 இலட்சம் முகப்பெறுமதியுள்ள 91 நாள் உண்டியலுக்கு இன்று நீங்கள் கொடுப்பது ஏறத்தாழ 980,400 ரூபா. அதுவே 364 நாள் என்றால் ஏறத்தாழ 926,000 ரூபா. (8 சதவீதம் கணக்குக்காக எடுத்தது. நீங்கள் வாங்கும் வாரத்து வீதம் வேறாக இருக்கும்.)

இங்கேயே ஒரு குழப்பம் வரும். 926,000 கொடுத்து 10 இலட்சம் பெறும்போது வித்தியாசம் 74,000. அதை முகப்பெறுமதியோடு ஒப்பிட்டால் 7.4 சதவீதம், நீங்கள் உண்மையில் போட்ட தொகையோடு ஒப்பிட்டால் 8 சதவீதம். வங்கியில் ஒருவர் 7.4 என்றும் இன்னொருவர் 8 என்றும் சொன்னால் இருவரும் ஒரே உண்டியலைப் பற்றியே பேசக்கூடும். நிலையான வைப்போடு ஒப்பிட வேண்டியது விளைவு வீதத்தை. “நான் இன்று எவ்வளவு கட்ட வேண்டும், எந்தத் திகதியில் எவ்வளவு கையில் வரும்?” என்று இரண்டு தொகைகளைக் கேட்டு எழுதிக்கொள்வது எல்லாவற்றிலும் நல்லது. சதவீதத்தில் குழப்பலாம், இந்த இரண்டு தொகையில் குழப்ப முடியாது.

பாதுகாப்பைப் பற்றி. நிலையான வைப்புக்கு இலங்கை வைப்புக் காப்புறுதித் திட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ஆனால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரைதான். உங்கள் 30 இலட்சமும் ஒரே வங்கியில் இருக்கிறது. அந்த வங்கிக்கு ஏதும் நேர்ந்தால் 19 இலட்சம் அந்த எல்லைக்கு வெளியே நிற்கும். உண்டியலுக்கு இந்தக் காப்புறுதி கிடையாது, ஆனால் கடனாளி வங்கியல்ல, அரசாங்கம். வங்கி இடையில் நிற்கும் முகவர் மாத்திரமே.

அரசாங்கமே தவறினால்? 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகள் நிறுத்தப்பட்டபோது இந்தக் கேள்வி எல்லோருக்கும் வந்தது. 2023 ஜூன் இறுதியில் அறிவிக்கப்பட்ட உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் மத்திய வங்கி வைத்திருந்த உண்டியல்கள்தான் நீண்டகால முறிகளாக (ஆண்டுக்கணக்கில் நீளும் அரச கடன் பத்திரங்களாக) மாற்றப்பட்டன. பொதுமக்கள் கையிலிருந்த உண்டியல்கள் தொடப்படவில்லை. ஆகவே பணம் திரும்பி வருமா என்பதில் இதன் வரலாறு நல்லது. அந்தப் பணத்தால் என்ன வாங்கலாம் என்பது வேறு கதை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தது. அப்போது உண்டியலுக்கிருந்த 30 சதவீத அளவு வீதமும் அந்தப் பணவீக்கத்தைவிட மிகக் குறைவு. அந்த 30 சதவீதத்தை இன்னும் நினைத்துக்கொண்டு வங்கிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது நல்ல காலத்து வீதமல்ல.

இனி நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டிய இடம். “திறைசேரி உண்டியல்” என்ற பெயரில் கிளையில் இரண்டு வேறு பொருட்கள் விற்கப்படலாம். ஒன்று நேரடிக் கொள்வனவு. உண்டியலின் உரிமை உங்களுடையது. முதிர்வில் அரசாங்கம் தருகிறது. மற்றது மீள்கொள்வனவு உடன்படிக்கை, பேச்சுவழக்கில் ‘ரீபோ’. இதில் வங்கியோ முதனிலை வணிகரோ (உண்டியல் ஏலத்தில் நேரடியாக வாங்கும் நிறுவனம்) தம்மிடமுள்ள உண்டியலையோ முறியையோ உங்களுக்கு விற்று, குறித்த நாளில் குறித்த விலைக்குத் தாமே திரும்ப வாங்குவதாக ஒப்புக்கொள்கிறார்கள். உங்களுக்குக் கடன்பட்டவர் அந்த நிறுவனம். அரச பிணையம், அதாவது அந்த உண்டியலோ முறியோ, அந்தக் கடனுக்கு ஈடு மட்டுமே. கிடைக்கும் வீதமும் பெரும்பாலும் உண்டியலின் வீதத்தைவிடக் குறைவு.

ரீபோ மோசடி அல்ல. இரண்டு கிழமைக்குப் பணத்தைச் சும்மா வைக்காமலிருக்க அது பொருத்தமான வழிதான். ஈடாகச் சொல்லப்படும் பிணையம் உங்கள் பெயரில் உண்மையில் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதுதான் பிரச்சினை. 2016 தொடக்கத்தில் மத்திய வங்கி தலையிட்டுக் கட்டுப்பாட்டில் எடுக்க நேர்ந்த ஒரு முதனிலை வணிகர் நிறுவனத்தில், வாடிக்கையாளரின் ரீபோப் பணத்துக்கு ஈடாக இருந்திருக்க வேண்டிய பிணையங்களில் பெரும் பற்றாக்குறை இருந்தது. “அரச பிணையத்தில் போட்டேன்” என்று நம்பியிருந்தவர்களுக்குத் தங்கள் கையில் இருந்தது எது என்பதே அதன் பிறகுதான் தெரிந்தது.

எனவே பணம் கட்டியதும் தரும் உறுதிப்படுத்தல் கடிதத்தில் மூன்றைப் பாருங்கள். பரிவர்த்தனை வகை நேரடிக் கொள்வனவு என்று இருக்கிறதா? முகப்பெறுமதி, கொள்வனவு விலை, முதிர்வுத் திகதி மூன்றும் தனித்தனியே இருக்கின்றனவா? எழுத்தும் எண்ணுமாக 12 குறிகள் கொண்ட பிணைய இலக்கம் இருக்கிறதா? இந்த இலக்கத்தை வாசிக்கத் தெரிந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். திறைசேரி உண்டியலுக்கு அது ‘எல்.கே.ஏ.’ (LKA) என்று தொடங்கும்; முறிக்கு ‘எல்.கே.பி.’ (LKB) என்று தொடங்கும். அடுத்த மூன்று இலக்கங்கள் 091, 182 அல்லது 364 — வெளியிடப்பட்டபோது இருந்த நாட்கள். பிறகு முதிரும் ஆண்டின் கடைசி இரு இலக்கங்கள், மாதத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து (ஜனவரிக்கு ஏ, பெப்ரவரிக்கு பி என வரிசையாக), முதிரும் திகதி, இறுதியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். நீங்கள் உண்டியல் என்று நினைத்து வாங்கியதற்கு எல்.கே.பி. என்ற இலக்கம் வந்தால், அது முறி அல்லது முறியை ஈடாக வைத்த ரீபோ. உடனே வங்கியைக் கேளுங்கள்.

உண்டியலுக்குக் கடதாசிப் பத்திரம் கிடையாது. 2004 முதல் எல்லாம் மத்திய வங்கியின் லங்காசெக்கியூர் முறைமையில் மின்னியல் பதிவாகவே இருக்கின்றன. அதில் உங்கள் பெயரில், உங்கள் அடையாள அட்டை இலக்கத்தோடு, வங்கி ஒரு பிணையக் கணக்கைத் திறக்கும். அந்தப் படிவத்தில் கைபேசி இலக்கத்துக்கும் மின்னஞ்சலுக்கும் உள்ள இடங்களை வெறுமையாக விடாதீர்கள். லங்காசெக்கியூர்நெற் சேவையில் பதிவுசெய்தால் உங்கள் பெயரில் என்ன இருக்கிறது என்பதை வங்கியைக் கேட்காமலே பார்க்கலாம். பரிவர்த்தனை அறிவித்தலும் வரும். மின்னஞ்சல் பழக்கமில்லை என்று கிளை அலுவலரின் முகவரியையோ தெரிந்த பையனின் முகவரியையோ எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கண்காணிக்கும் வழியை நீங்களே மூடியதாகிவிடும். மகளுடையதோ மகனுடையதோ கொடுங்கள்.

வாங்கும் ஒழுங்கு இது. உண்டியல் ஏலம் வழமையாக ஒவ்வொரு புதன்கிழமையும் நடக்கும்; பணம் தீர்க்கும் நாள் அந்த வெள்ளிக்கிழமை. போயா தினமோ பொது விடுமுறையோ குறுக்கிட்டால் நாள் மாறும். ஏலத்தில் நீங்கள் நேரடியாக விலை கோர முடியாது. முதனிலை வணிகர்கள்தான் கோருவார்கள். இலங்கை வங்கி, மக்கள் வங்கி போன்ற சில வங்கிகள் தாமே முதனிலை வணிகர்கள். மற்ற வங்கிகள் முதனிலை வணிகரிடம் வாங்கி உங்களுக்கு விற்கின்றன. இடையில் ஒரு கை கூடினால் உங்களுக்கு வரும் வீதம் கொஞ்சம் குறையும்.

உங்கள் கிளையில் இதைத் தெரிந்த அலுவலர் இல்லாமலிருக்கலாம். பெரும்பாலும் படிவங்கள் கொழும்பிலுள்ள தலைமையகத் திறைசேரிப் பிரிவுக்குப் போய்த்தான் கணக்குத் திறக்கப்படும். அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். ஆகவே வைப்பு முதிரும் நாளில் போய் நிற்காமல் இரண்டு கிழமைக்கு முன்பே தேசிய அடையாள அட்டை, வதிவிடத்தை உறுதிப்படுத்த மின்சார அல்லது நீர்க் கட்டணச் சிட்டை, சேமிப்புக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றோடு போய்க் கணக்கைத் திறந்துவிடுங்கள். வரி செலுத்துநர் அடையாள இலக்கம் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். வைப்புத் தானாகப் புதுப்பிக்கப்படும் அறிவுறுத்தல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் நிறுத்துங்கள். அது ஒருமுறை புதுப்பிக்கப்பட்டுவிட்டால், இடையில் உடைக்கும்போது வட்டியில் வெட்டு விழும்.

வீதத்தைப் பேசலாமா என்றால், பேசலாம். ஏலம் முடிந்ததும் ஒவ்வொரு தவணைக்குமான நிறையேற்றப்பட்ட சராசரி விளைவு வீதம் பகிரங்கமாக வெளியிடப்படும். மத்திய வங்கியின் இணையத்தளத்தில் தமிழிலும் பார்க்கலாம். வங்கி உங்களுக்குத் தரும் வீதம் அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், அந்த வித்தியாசம் அவர்களின் இலாபம். இரண்டு வங்கிகளிடம் ஒரே நாளில், ஒரே தவணைக்கு, ஒரே முகப்பெறுமதிக்குக் கட்ட வேண்டிய தொகையைக் கேளுங்கள். பாதுகாப்புக் கட்டணம், பரிவர்த்தனைக் கட்டணம் உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். குறைந்தபட்சத் தொகையும் வங்கிக்கு வங்கி வேறுபடும். பெரிய தொகைக்குத்தான் பேரம் நன்றாக நடக்கும். ஆனாலும் கேட்பதற்குக் காசில்லை.

ஏல நாளுக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும் என்பதும் இல்லை. ஏற்கெனவே வெளியிடப்பட்ட உண்டியல்களை இரண்டாந்தரச் சந்தையில் எந்த வேலைநாளிலும் வங்கியிடம் வாங்கலாம். மீதி நாட்கள் 70, 150, 200 என்று பலவிதமாக இருக்கும். உங்களைப் போலக் குறித்த மாதத்தில் பணம் வேண்டியவருக்கு இது வசதி.

இப்போது கூரைப் பணம். 364 நாள் உண்டியலுக்குக் கொஞ்சம் கூடிய வீதம் இருந்தால், “ஏழாம் மாதத்தில் விற்றுவிடலாம்தானே” என்று தோன்றும். விற்கலாம். ஆனால் விற்கும் நாளில் சந்தை என்ன விலை கொடுக்கிறதோ அதுதான் கிடைக்கும். 8 சதவீதத்தில் 926,000 கொடுத்து வாங்கிய அந்த 364 நாள் உண்டியலை மூன்று மாதத்தில் விற்கப் போகிறீர்கள் என்று வைப்போம். அதற்குள் சந்தை வீதம் 9 சதவீதமாகியிருந்தால், உங்கள் உண்டியலின் விலை ஏறத்தாழ 937,000. மூன்று மாதத்துக்கு 11,000 ரூபா, அதாவது ஆண்டுக் கணக்கில் 5 சதவீதத்துக்கும் குறைவு. வீதம் ஏறினால் கையிலுள்ள உண்டியலின் விலை இறங்கும். மீதி நாட்கள் கூடக் கூட அந்த இறக்கமும் பெரிது. இதற்கு மேல் வங்கி திரும்ப வாங்கும்போது தன் இலாபத்தையும் எடுக்கும். வீதம் இறங்கியிருந்தால் எதிர்மாறாக உங்களுக்கு ஆதாயம். ஆனால் கூரைப் பணத்தை வைத்து அந்தப் பந்தயம் கட்டத் தேவையில்லை.

12 இலட்சம் முகப்பெறுமதியில் 182 நாள் உண்டியல் ஒன்று வாங்குங்கள். 8 சதவீதக் கணக்கில் விலை ஏறத்தாழ 1,154,000. முதிர்ந்த பின் வேலை தொடங்கும்வரை சேமிப்புக் கணக்கில் கிடக்கட்டும். மேசனும் தச்சரும் சொன்ன நாளில் வருவதில்லை, ஆனால் முற்பணத்தைச் சொன்ன நாளுக்கு முன்பே கேட்பார்கள்.

அதில் 12 இலட்சம் முழுதாக வராமலும் போகலாம், வரி இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் வட்டி வருமானத்தின் மீதான நிறுத்திவைத்தல் வரி 10 சதவீதம். உண்டியலின் கழிவும் (முகப்பெறுமதிக்கும் வாங்கிய விலைக்கும் இடையிலான வித்தியாசம்) வட்டியாகவே கணிக்கப்படும். மேலேயுள்ள கணக்கில் வருமானம் 46,000, வரி 4,600, கையில் வருவது 1,195,400. கூரைக்குச் சரியாக 12 இலட்சம் வேண்டுமென்றால் இந்த ஐயாயிரத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். உங்கள் ஓய்வூதியத்தையும் 30 இலட்சத்துக்கான வட்டியையும் கூட்டினாலும் ஆண்டுக்கு 18 இலட்சம் என்ற தனிநபர் நிவாரண எல்லையை எட்டாது. அதாவது நீங்கள் வருமான வரி செலுத்த வேண்டியவரே அல்ல. இத்தகையவர்கள் வங்கியிடம் சுய அறிவிப்புப் படிவம் கொடுத்து வட்டியில் வரி பிடிக்கப்படுவதைத் தவிர்க்கலாம். அந்த அறிவிப்பு வைப்புக்கு மட்டுமா, உண்டியலுக்கும் ஏற்கப்படுமா என்பதை வங்கியின் திறைசேரிப் பிரிவிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். பிடித்துவிட்டால் வரிக் கழிப்புச் சான்றிதழை வாங்கி வையுங்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வருமான விபரத்திரட்டுச் சமர்ப்பித்து மீளக் கோர அது வேண்டும்.

மிச்சமுள்ள 18 இலட்சத்துச் சொச்சத்தில், 10 இலட்சத்தை நிலையான வைப்பிலேயே வைத்திருங்கள் என்பேன். சேரும் வட்டியோடும் காப்புறுதி எல்லைக்குள் நிற்கும். மாத வட்டி வேண்டுமென்றால் உண்டியலில் அது கிடைக்காது, வைப்பில் கிடைக்கும். அதோடு உங்களுக்கு 60 வயது கடந்துவிட்டது; மூத்த பிரஜைகளுக்கான விசேட வட்டி வீதம் உங்கள் வங்கியில் தற்போது உண்டா, எவ்வளவு தொகை வரை என்று முதலில் கேளுங்கள். கிடைத்தால் அந்தத் தொகைக்கு எந்த உண்டியலும் ஈடாகாது. உண்டியலை விற்கும் அலுவலர் இதைத் தானாக நினைவூட்டுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எஞ்சிய 8 இலட்சத்தை 91 நாள் உண்டியலில் போட்டு மூன்று மாதத்துக்கொருமுறை மீள முதலீடு செய்யலாம். அவசர மருத்துவச் செலவு வந்தால் அதிகபட்சம் மூன்று மாதக் காத்திருப்பு. அதற்குள்ளும் வேண்டுமென்றால் விற்றாலும் நட்டம் சிறிது, மீதி நாட்கள் குறைவு என்பதால். உண்டியலை ஈடாக வைத்து முற்பணம் தரும் வங்கிகளும் உண்டு. ஒன்று மட்டும்: முதிர்வு அறிவுறுத்தலை வாங்கும்போதே எழுத்தில் கொடுங்கள். முழு முகப்பெறுமதியையும் புதுப்பிப்பதா, போட்ட தொகையை மட்டும் புதுப்பித்து ஆதாயத்தைச் சேமிப்பில் இடுவதா, ஒன்றும் செய்யாமல் கணக்கில் வைப்பதா? அறிவுறுத்தல் இல்லாவிட்டால் பணம் சேமிப்புக் கணக்கில் வந்து சொற்ப வட்டிக்கு மாதக்கணக்கில் கிடக்கும். புதுப்பிக்கச் சொன்னாலும் பழைய வீதமல்ல, அந்த வாரத்து வீதமே கிடைக்கும்.

வைப்புக்குப் பின்னுரித்தாளர் பெயர் கொடுத்திருப்பீர்கள். அது உண்டியல் கணக்குக்கும் தானாகப் பொருந்தும் என்று எண்ணாதீர்கள். பிணையக் கணக்கை மகளோடு கூட்டாகத் திறப்பது பற்றியும், ஒருவர் இல்லாதபோது மற்றவருக்கு என்ன உரிமை என்பது பற்றியும் படிவம் நிரப்பும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

கிளையில் “இதேதான் அம்மா” என்று அலகு நம்பிக்கை நிதியத்தின் (பலரின் பணத்தைச் சேர்த்து முதலிடும் ‘யூனிட் ட்ரஸ்ட்’) படிவத்தை நீட்டினால், அது இதேதான் அல்ல. அந்த நிதியம் உண்டியல்களில் முதலிடலாம். ஆனால் உங்களுக்குச் சொந்தமாவது நிதியத்தின் அலகு, உண்டியல் அல்ல. முகாமைத்துவக் கட்டணமும் உண்டு. காசாகப் பணம் கேட்கும் எந்த முகவரிடமும் கொடுக்க வேண்டாம். உண்டியலுக்கான பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே பற்று வைக்கப்பட வேண்டும்.

மகனின் பணம் தனிக் கேள்வி. அவர் உங்களுக்கு அன்பளிப்பாக அனுப்பி, அது இங்கேயே இருக்கப் போகிறதென்றால், உங்கள் ரூபாக் கணக்குக்கு வந்த பிறகு உங்கள் பணம்போலவே முதலிடலாம். அது அவருடைய முதலீடு, பிறகு முதலோடும் ஆதாயத்தோடும் கனடாவுக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டும் என்றால், உங்கள் கணக்கு வழியாக வரவே கூடாது. அவர் தம் பெயரில் இங்குள்ள வங்கியொன்றில் உள்முக முதலீட்டுக் கணக்கு ஒன்றைத் திறந்து, வெளிநாட்டு நாணயத்தை அதற்கு அனுப்பி, அதிலிருந்தே உண்டியல் வாங்க வேண்டும். அப்போதுதான் முதிர்வுத் தொகை அதே கணக்குக்குத் திரும்பி, தடையின்றி வெளியே போகும். உங்கள் சேமிப்புக் கணக்கில் ரூபாவாகக் கலந்த பணத்தைப் பிறகு பிரித்து “இது மகனுடையது, அனுப்புங்கள்” என்று கேட்டால், 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் உங்களுக்குப் பொருந்தும் வரையறைகளுக்குள்தான் அனுப்ப முடியும். ரூபாவின் பெறுமதி இறங்கினால் கனடா டொலரில் அவருக்கு நட்டம் வரலாம் என்பதையும் அனுப்ப முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். 2022 மார்ச்சுக்குப் பிறகு சில மாதங்களில் ரூபா சரிந்த வேகத்துக்கு எந்த உண்டியல் வட்டியும் ஈடுகொடுக்கவில்லை.